கழற்றி வைத்த செருப்பு

இந்த வேலைக்கு வந்தால் முதலில் கெட்டுப்போவது தூக்கம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். முதலில் கெட்டுப்போவது கல்யாண வீட்டுச் சாப்பாடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர் கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பார். வண்டியில் விழுந்துவிட்டதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார். வண்டியில் விழுந்தால் உள்ளங்கை அல்லவா தேய வேண்டும், இவருக்கு எப்படிப் புறங்கையில் காயம் என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் பாயசம் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். எனக்கு அப்படிப் போன பாயசங்கள் நிறைய.

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து, இறப்பு கிளைம்களை விசாரித்துச் சொல்வதுதான் நம் பிழைப்பு. செத்தது யார், எப்படி, சொல்வது நிஜமா என்று பார்ப்பதற்காக நம்மை அனுப்புகிறார்கள். எழவு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும்போதே அங்கிருக்கும் எல்லோரையும் சந்தேகப்பட வேண்டிய ஆள் நாம் ஒருவர்தான். அவர்களும் நம்மை அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனையூரில் என் வீட்டுக்காரி, "எங்க போயிட்டு வாரன்னு கேளுங்க, தப்பில்ல. கேட்டுட்டு என் செருப்புல எந்த ஊரு மண்ணு இருக்குன்னு பாக்காதீங்க" என்பாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் பார்ப்பேன்.

செருப்பைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் எனக்கு இந்தத் தொழிலைக் காட்டிய பெரியவர். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கிணறோ, பாலமோ, மாடியோ, உயரத்திலிருந்து விழுந்த கேஸ் என்றால் முதலில் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்கச் சொல்வார். தவறி விழுந்தவனோடு செருப்பும் போயிருக்கும், இல்லையென்றால் ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயும் கிடக்கும். சோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தால் அவன் யோசித்துத்தான் போயிருக்கிறான். மேலூர்ப் பக்கம், திருமங்கலம் பக்கம் என்று கிணற்றடிகளில் நான் பார்த்த வரைக்கும் அது பொய்த்ததே இல்லை. அதனால்தான் அந்த மலை விஷயத்தில் எனக்கு அம்புட்டு உறுதி இருந்தது.

விஷயத்துக்கு வாரேன். குடும்பத்துக்காகப் பேர்களை மாற்றியிருக்கிறேன், மலையின் பேரையும் சொல்லப்போவதில்லை. மேற்கே ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, அவர்கள் அனுப்பும் காவலரோடு, அவர்கள் சொல்லும் பாதையில் ஏறி இறங்க வேண்டும். பாதையை விட்டு விலகக் கூடாது. தீப்பெட்டியைக் கீழேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தை மாதம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த செல்லப்பாண்டி, மார்க்கெட் கூட்டாளிகள் நாலு பேரோடு அந்த மலைக்குப் போனார். நாலு பேர் இறங்கி வந்தார்கள். செல்லப்பாண்டி உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்த ஒரு பாறை விளிம்பிலிருந்து விழுந்துவிட்டார். வயது நாற்பத்தேழு. விபத்துப் பாலிசி எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த மாதிரிப் பாலிசியில் தவறி விழுந்தால் பணம் உண்டு, தானாக விழுந்தால் கிடையாது. கம்பெனிக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

எனக்கு வந்த கவரில் போலீஸ் எடுத்த போட்டோ இருந்தது. விளிம்பிலிருந்து அஞ்சாறு அடி தள்ளி ஒரு சோடி செருப்பு. பக்கத்தில் மடித்து வைத்த சட்டை. சட்டை மேல் செல்போன். வீட்டுக்குள் குளிக்கப் போகிறவன் வைத்துவிட்டுப் போன மாதிரி எல்லாம் ஒழுங்காக இருந்தது. கம்பெனி அதிகாரி சென்னையிலிருந்து கூப்பிட்டார். சின்ன வயசு, நல்ல பிள்ளை, வேலையில் கெட்டி.

"சார், போட்டோ பாத்தீங்கள்ல? இதுக்கு மேல என்ன இருக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் குடுத்துட்டீங்கன்னா ஃபைலை முடிச்சிடலாம்."

"பாத்தேன் தம்பி. எனக்கும் அப்படித்தான் தெரியுது. வீட்டை ஒரு எட்டுப் பாத்துட்டு எழுதிடுறேன்" என்றேன்.

வீடு திருநகரில் இருந்தது. செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். பூ வியாபாரத்தில் ஊன்றி, இங்கே இடம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். செல்லப்பாண்டியின் மனைவி தமிழ்ச்செல்வி ஹாலில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். அவருக்குக் கவலை ஏதும் இருந்ததா? தெரியாது. வியாபாரத்தில் நஷ்டமா? தெரியாது. யாரோடும் சண்டையா? தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த பெண்ணுக்கு இத்தனை தெரியாது இருந்தால் ஏதோ ஒன்று நன்றாகத் தெரியும் என்று அர்த்தம். இதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மகள் கயல் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றாள். பத்தொன்பது வயது. மதுரையிலேயே ஒரு கல்லூரியில் முதல் வருஷம். நான் எழுந்தபோது முன்னால் வந்து நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அப்பா தானா குதிச்சாரா சார்?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும். பணம் வருதோ இல்லையோ."

அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பெண் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தாள். விசாரிச்சுட்டுச் சொல்றேம்மா என்று தப்பித்து வெளியே வந்தேன். கேட் வரைக்கும் தமிழ்ச்செல்வி பின்னாலேயே வந்தார். மகள் வருகிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சார், ஒன்னு சொல்லணும். அது புள்ளைக்குத் தெரியக் கூடாது. போற அன்னைக்கு அவரு பையில மல்லிகைப்பூ இருந்துச்சு. ஈரத்துணியில சுத்தி, அடியில வச்சிருந்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டாரு. தை மாசம் பூ விக்கிற வெலைக்கு எனக்கே ஒரு முழம் வீட்டுக்குக் கொண்டாரல. ஆம்பளைங்க மட்டும் போற மலைக்கு மல்லிகைப்பூ யாருக்கு சார்?"

அழவில்லை. பல நாளாக உள்ளே வைத்திருந்ததை இறக்கி வைத்தவர் மாதிரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். புருஷன் செத்த துக்கத்தைக்கூட அந்தப் பூ அவருக்கு முழுசாக விட்டுவைக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக்கொண்டே நான் மனதுக்குள் ஒரு கதையையும் கட்டிவிட்டேன். வேறு ஒரு பெண், மிரட்டல், அவமானம், மலை. இந்தக் கதை கட்டுகிற வேகம் இருக்கிறதே, அது உங்களுக்கும் வரும். வந்ததும் நாம் கெட்டிக்காரர் ஆகிவிட்டோம் என்று தோன்றும். அப்போது ஒரு டீ குடியுங்கள்.

மறுநாள் மாட்டுத்தாவணி போனேன். கூட்டாளிகள் நாலு பேரையும் தனித்தனியாகப் பார்த்தேன். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "கொஞ்ச நேரம் தனியா இருந்துட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாருண்ணே. நாங்க எல்லாரும் புல்மேட்டுல உக்காந்திருந்தோம்." வார்த்தை மாறாமல் நாலு வாயிலும் அதுவே வந்தது. நிஜமாக நடந்ததை நாலு பேர் சொன்னால் ஒருவன் நின்றிருந்தோம் என்பான், ஒருவன் படுத்திருந்தோம் என்பான். ஒருவனுக்கு அவர் போனதே தெரிந்திருக்காது. இவர்கள் யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார்கள்.

நாலாவது ஆள் காசி. செல்லப்பாண்டிக்குப் பக்கத்துக் கடை. சின்ன வயசிலிருந்து சேக்காளி. மாப்ள மாப்ள என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவன் என்று மார்க்கெட்டே சொன்னது. பூக்கூடைகளுக்கு நடுவில் நின்று அவனும் அதே பாட்டைப் பாடி முடித்தான். நான் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"பூ கொண்டு போனாராமே?"

காசியின் கை நின்றுவிட்டது. "பூவா? பூவெல்லாம் ஒன்னும் இல்லையேண்ணே."

பூவிலேயே பிறந்து வளர்ந்த ஆள், பூ என்ற சொல்லைக் கேட்டு வியர்த்தான். இப்போது என் கதை மாறியது. அந்த விளிம்பில் செல்லப்பாண்டி தனியாக இல்லை. இவன் இருந்திருக்கிறான். ரெண்டு கடைக்கும் இடையில் என்ன தகராறு, யார் யாரைத் தள்ளினார் என்று என் புத்தி ஓட ஆரம்பித்தது. பூ மார்க்கெட் வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு நான் ஒரு கொலையை முடிவு செய்துகொண்டிருந்தேன்.

அதிகாரிக்குப் போன் போட்டு, மலைக்குப் போக வேண்டும் என்றேன்.

"சார், அங்க போயி என்ன சார் பாக்கப்போறீங்க? பாறைதான் இருக்கும்."

"பாறையைத்தான் தம்பி பாக்கப்போறேன்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமைய அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்று வைத்துவிட்டேன். அவர் கோபப்பட்டிருப்பார். ஒன்று சொல்கிறேன், அவசரப்படுத்துகிறவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் அவசரப்படுத்துவார். ஆனால் ரிப்போர்ட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறது அவர் இல்லை.

மதுரையிலிருந்து விடிகாலையில் கிளம்பி, மதியம் போல அடிவாரம் சேர்ந்தேன். வனத்துறையில் அனுமதி வாங்கி, மறுநாள் காலையில் ஏறினோம். துணைக்கு வந்தவர் அன்றைக்கு அந்த அஞ்சு பேரோடு போன அதே காவலர். நான் வேண்டும் என்றே அவரைக் கேட்டு வாங்கியிருந்தேன். நல்ல பேச்சுக்காரர். காட்டெருமை நின்ற இடம், யானை மரம் சாய்த்த இடம் எல்லாம் காட்டிக்கொண்டே வந்தார். சம்பவத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

மேலே புல்மேடு. அங்கேதான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களாம். அங்கிருந்து பாதையை விட்டு விலகி, ஒரு புதரைத் தாண்டி நடந்தால் அந்தப் பாறை. பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. பாறை முழுக்க ஈரம். கீழே எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகப் பனிதான் நின்றது.

பாறையில் விளிம்பை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டு நின்றது. போலீஸ் போட்டோவின் ஓரத்தில் அதில் பாதி விழுந்திருந்தது, நான் அதைப் பாறையோடு பாறையாக விட்டிருந்தேன். சுற்றிலும் எல்லாம் சாம்பல் நிறம், இது மட்டும் கறுப்பு. மழையில் வந்த கறுப்பு இல்லை. கையை வைத்தால் வழுக்கும் என்று பார்க்கும்போதே தெரிகிற கறுப்பு.

"இது என்ன கல்லுங்க?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே போனேன்.

"சும்மா கல்லு சார்" என்றார் காவலர். வாய் அப்படிச் சொன்னது. அவர் வலது கை நெஞ்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அப்போதுதான் உள்ளங்காலில் சில்லென்று உறைத்தது. குனிந்து பார்த்தேன். என் காலில் செருப்பு இல்லை. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நாலடி தள்ளி, என் செருப்பு சோடியாக, ஒழுங்காக இருந்தது. கையிலிருந்த போட்டோவைப் பார்த்தேன். செல்லப்பாண்டியின் செருப்பு இருந்த அதே இடம்.

எண்ணெய் ஏறிக் கறுத்த கல்லைப் பார்த்தால் என் கால் என்னைக் கேட்காமலே செருப்பை விட்டுவிடுகிறது. அறுபதை நெருங்கும் வயது வரைக்கும் அது அப்படித்தான் பழகியிருக்கிறது. அந்த மனுஷனுக்கும் அப்படித்தானே பழகியிருக்கும்? சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சாமி முன்னால் நிற்பது நம் பக்கத்து ஆண்களுக்குப் புதுசா? போட்டோவில் செருப்பையும் சட்டையையும் பார்த்தவுடன் உயிரை விடப்போகிறவன் என்று முடிவு செய்தேனே, கும்பிடப்போகிறவன் என்று ஏன் தோன்றவில்லை? எழவு வீடுகளாகப் போய்ப்போய், கோயில் வாசலில் கிடக்கிற செருப்புகள் எனக்கு மறந்துபோயிருந்தன.

கும்பிட்டவர் அடுத்து என்ன செய்வார்? நானும் செய்தேன். கல்லை வலம் வர அடியெடுத்து வைத்தேன்.

"சார், அந்தப் பக்கம் போகாதீங்க" என்று காவலர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். கல்லுக்குப் பின்னால் ஒரு பாதம் வைக்கிற அளவுக்குத்தான் இடம். அதுவும் வெளிப்பக்கமாகச் சரிவு. அதற்கு அந்தாண்டை ஒன்றும் கிடையாது. பச்சையாகப் பாசி படர்ந்து மினுங்கியது. விளிம்பில் இருக்கிற சாமியைச் சுற்ற வேண்டும் என்று நம் ஆட்களுக்கு மட்டும்தான் தோன்றும்.

"இப்பச் சொல்லுங்க, சும்மா கல்லா?"

காவலர் புல்மேட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "மலையம்மன் சார். முன்னாடி சூலம், மணியெல்லாம் இருந்துச்சு. சூடம் ஏத்தி ஒருக்கா காடு பத்திக்கிச்சு, அதுலருந்து எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. இன்னமும் ஆளு வருதுன்னு தெரிஞ்சா எனக்குத்தான் மெமோ. நான் அவுங்கள இங்க விடல சார். மத்தவங்களோட பேசிக்கிட்டிருந்தேன், ரெண்டு பேரு எப்ப நழுவுனாங்கன்னு தெரியல."

"ரெண்டு பேரா?"

அவர் காலில் அட்டையைத் தேடக் குனிந்துவிட்டார். நான் மண்டிபோட்டுக் கல்லின் அடியைத் துழாவினேன். இடுக்கில் வாழைநார் ஒரு துண்டு சிக்கியிருந்தது. அதில் பழுப்பேறின மொட்டுகள் ரெண்டு. மதுரையிலிருந்து அம்புட்டுத் தூரம் ஈரத்துணிக்குள் பத்திரமாக வந்த பூ அது.

என் சந்தேகம் எதிலுமே தப்பு இல்லை என்பதுதான் வேடிக்கை. தமிழ்ச்செல்வி மறைத்தார், காசி மறைத்தான், காவலர் மறைத்தார். எல்லோரும் பொய்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு பொய்யும் எம்புட்டுப் பெரிசு என்று நான் அளந்து பார்க்கவில்லை. பெரிய சாவுக்குப் பக்கத்தில் கிடந்ததால் எல்லாமே எனக்குப் பெரிய பொய்யாகத் தெரிந்தன. தம்பிகளா, இந்தத் தொழிலில் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஏதாவது இருக்கிறது என்றால் அது இதுதான். பொய்யைக் கண்டுபிடிக்க உங்களுக்கே தெரியும். கண்டுபிடித்தபின் அதன் அளவைப் பாருங்கள்.

மாட்டுத்தாவணியில் காசியைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். வாழைநாரை அவன் கையில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எத்தனாவது சுத்துல வழுக்குச்சு?"

அவன் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். "மூணாவதுண்ணே" என்றான். அதுக்கப்புறம் அழுதான். மார்க்கெட் ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதான்.

"சூடம் நான்தாண்ணே கொண்டுபோனேன். தீப்பெட்டிய சாக்ஸுக்குள்ள வச்சிருந்தேன். அவன் பூவைச் சாத்திட்டு சுத்த ஆரம்பிச்சான். பையப் பைய பாத்து வா மாப்ளன்னு சொன்னேன். ரெண்டு சுத்து நல்லாத்தான் வந்தான். மூணாவதுல கல்லுக்கு அந்தப் பக்கம் போனான், வரல. சத்தம்கூட இல்லண்ணே. காட்டுக்குள்ள தீ வச்சா ஜெயிலுன்னு போர்டு போட்டிருக்கான். பயத்துல பூவையும் சூடத்தையும் அள்ளி எறிஞ்சேன். அவனுங்ககிட்டயும் இப்படிச் சொல்லுங்கடான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவன் தானாச் செத்தான்னு ஆகும்னு எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சப்ப, சொன்னத மாத்தப் பயமாப் போச்சு."

"என்னத்துக்கு வேண்டுதல்?"

காசி துண்டால் முகத்தைத் துடைத்தான். "அவன் மக பேசணும்னு. கோயமுத்தூர் காலேஜு கேட்டுச்சு, இவன் விடமாட்டேன்னு இங்கயே சேத்துட்டான். ஆனி மாசத்துலருந்து அப்பன்ட்ட ஒரு வார்த்தை பேசல அது. இவன் கடையில உக்காந்து அதத்தான் பொலம்புவான். மலையம்மன் கேட்டதைக் குடுக்கும், மதுரை மல்லி வச்சாப் போதும்னு யாரோ சொல்லியிருக்காங்க."

ஒரு துண்டு சூடம். அதை மறைக்க ஒருவன் சொன்ன பொய், செத்தவனைத் தற்கொலைக்காரன் ஆக்கி, பெண்டாட்டியைப் பூவைப் பார்த்து வெதும்ப வைத்து, மகளைக் கதவில் சாய்த்து நிறுத்தியிருந்தது. எனக்கு அவன் மேல் வந்த கோபத்தில் கை ஓங்கியிருப்பேன். அவன் அழுத அழுகை தடுத்துவிட்டது. அன்றைக்கே போலீஸுக்குக் கூட்டிப்போனேன், நடந்ததைச் சொன்னான். வனத்துறை போட்ட அபராதத்தையும் கட்டினான். நான் ரிப்போர்ட்டில் விபத்து என்று எழுதினேன். சென்னை அதிகாரி நாரைப் பற்றியும் பாசியைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டார். கேட்கட்டும், அது அவர் வேலை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

திருநகருக்கு நானே போனேன். ரிப்போர்ட் எழுதுவதோடு நம் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. தவறித்தான் விழுந்தார், பூ அம்மனுக்கு என்று சொன்னதும் தமிழ்ச்செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அவர் அன்றைக்குத்தான் புருஷனுக்காக அழுதார் என்று நினைக்கிறேன்.

கயல் நின்ற இடத்திலேயே நின்றாள். "எதுக்கு வேண்டிக்கிட்டாரு சார்?"

வழியெல்லாம் நான் பயந்துகொண்டு வந்த கேள்வி அதுதான். உனக்காகத்தான் சுற்றினார் என்று இந்த வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "வியாபாரம் நல்லா நடக்கணும்னும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை. "வியாபாரத்துக்கு அவரு சாமி கும்பிட மாட்டாரு சார். பூ வெலை சாமி கையில இல்ல, பனி கையில இருக்குன்னு சொல்வாரு. நீங்க பொய் சொல்றீங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் இப்படி மாட்டியது அது ஒரு தடவைதான். நிஜத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூணாவது சுத்து முடியலையா சார் என்று கேட்டாள். முடியலம்மா என்றேன்.

"அந்த எடத்துக்கு எப்படிப் போகணும்?"

"எதுக்குடி?" என்று தாய் பதறித் திரும்பினார்.

"சுத்து பாதியில நிக்குதுல்ல."

எனக்குள் சந்தேகம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. வேண்டுதலை முடிக்கப் போகிறேன் என்கிறாள். நிஜமாக அதற்குத்தானா? தகப்பன் தன்னால் செத்தான் என்று இப்போதுதான் கேட்டிருக்கிறாள். அந்த விளிம்பில் போய் நிற்க ஆசைப்படுகிறாள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். ஆனால் இவள் வழி கேட்காமலே ஒரு நாள் தனியாகக் கிளம்பிவிட்டால்? "நானும் வாரேன். அம்மாவும் வரட்டும். மூணு பேருமாப் போவோம்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

கோடைக்காக மலையை மூடி, மழைக்கு அப்புறம் திறந்ததும் போனோம். வனச்சரகர் நல்ல மனுஷர், ஒரே ஒரு தடவை, தீ கிடையாது, காவலர் கூடவே இருக்கணும் என்று விட்டார். அதே காவலர்தான் வந்தார். கயல் ஈரத்துணியில் சுற்றி மல்லிகை கொண்டுவந்திருந்தாள். நான் அவள் கையை, காலை, கண்ணைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

பாறையில் அவள் செருப்பைக் கழற்றினாள். அதே இடம். சோடியாக வைத்தாள். தமிழ்ச்செல்வி தள்ளி உட்கார்ந்துவிட்டார். நான் கல்லுக்கு ஒரு பக்கமாக, அவள் சுற்ற இடம் விட்டு, விளிம்போரம் நின்றுகொண்டேன். காவலர் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பின்னால் இருந்து பிடித்துக்கொண்டார். என் கை நீட்டினால் அவளுக்கு எட்டும் தூரம்.

அவள் பூவைச் சாத்திவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள். கல்லைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். அங்கே நின்றாள். கீழே பார்த்தாள்.

பிடித்து இழுத்துவிடலாம். அவள் ஒருவேளை கும்பிடத்தான் நிற்கிறாள் என்றால் அந்த இழுப்பே அவளை வழுக்கிவிடும். கையை நீட்டியபடி அசையாமல் நின்றேன். அவ்வளவு நேரம் நான் எதற்கும் அசையாமல் நின்றதில்லை. அப்போது அவள் மெதுவாக, அப்பா என்றாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். எனக்கு எட்டும் தூரத்தில்தான் பேசினாள். மற்றவர் பேச்சை ஒட்டுக் கேட்டே பிழைத்தவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தையும் காதில் வாங்கக் கூடாது என்று மனதுக்குள் வேறு எதையோ எண்ணிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் பேசினாள். ஏழு மாதப் பேச்சு இருந்திருக்கும்.

பிறகு ஒவ்வொரு அடியாக வைத்து முன்பக்கம் வந்தாள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நடந்துபோய், செருப்பை மாட்டிக்கொண்டாள்.